எரிந்த கல்

முன்னால் போன சவ ஊர்தி நின்றுவிட்டது. நடுத்தெருவில் சுற்றுலாப் பேருந்து ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"பொணத்துக்குக்கூட வழி விட மாட்டானுங்களா?" சாவுல் ஹாரனில் கை வைத்தான்.

"அடிக்காதடா. அப்பாவுக்குச் சத்தம் ஆகாது," என்ற எர்மினியா, அப்போதுதான் அது எந்தத் தெரு என்று பார்த்தாள்.

தட்டைக் கூரை வீடு. அதன் முன்னால் நீளமான சிமென்ட் ஜாலிச் சுவர். 1962இல் அப்பா ஒவ்வொரு கல்லாக அச்சில் வார்த்து அடுக்கியது. ஓட்டையின் ஆழத்தில்தான் சூட்சுமம். கோடையில் உச்சிக்கு ஏறும் வெயில் விளிம்பிலேயே தடைபட்டுவிடும். குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் நேரே உள்ளே போகும். அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

தொப்பி வைத்த வழிகாட்டிப் பெண் கையை நீட்டினாள். "இத்தனை சாம்பல் கலர் கல்லுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் ரோஸ் கலர், பாத்தீங்களா? பாலைவனத்து அந்தி வானத்தைக் கட்டடக் கலைஞர் ஒரே கல்லுல பிடிச்சு வெச்சிருக்கார்!"

கூட்டம் படம் எடுத்தது.

எர்மினியா கார்க் கதவைத் திறந்தாள்.

"அக்கா, இன்னிக்கு வேணாம்."

"இன்னிக்கு விட்டா என்னிக்குடா?"

கறுப்பு உடையில் அறுபத்தொன்பது வயதுக்காரி வருவதைப் பார்த்துக் கூட்டம் விலகியது.

"அந்தியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. அது எரிஞ்ச கல்லு. இந்த ஊர் மணல்ல இரும்பு இருக்கு. தீயில வெந்தா இப்படித்தான் செவக்கும், அப்புறம் பழைய நிறம் திரும்பாது. அதோ, அந்தக் கார்ங்க நிக்கிற இடத்துலதான் எங்க வீடு இருந்துச்சு. கூலிக்காரங்க நாங்க இருந்தா ஊருக்கு அசிங்கமாம். அப்பா இங்க சுவர் கட்டிட்டு இருந்தப்போ, நகராட்சி ஆளுங்க வந்து இடிச்சுக் கொளுத்திட்டுப் போனாங்க. எங்க ஜன்னலுக்கும் இதே அச்சுலதான் கல்லு வார்த்திருந்தார். சாம்பல்ல முழுசாக் கெடச்சது இது ஒண்ணுதான். மறுநாள் வேலைக்கு வந்து இந்தச் சுவர்ல வெச்சுப் பூசிட்டார்."

"இந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"அழகா இருக்குன்னாராம்."



வழிகாட்டி காகிதத்தைப் புரட்டினாள். "எங்க குறிப்புல இதெல்லாம் இல்லைங்களே..."

"எப்படி இருக்கும்? உங்க ஆபீசுக்கு மூணு கடிதம் போட்டேன். ஆதாரம் அனுப்புன்னு பதில் வந்துச்சு. ஆதாரத்தைக் கொளுத்தினவங்ககிட்டல்ல கேக்கணும்!"

"உங்க அப்பா பேரு என்னங்க?" முன்பு கேட்டவரே மறுபடியும் கேட்டார்.

"எவெரார்தோ பால்தெராஸ்." அவள் சவ ஊர்தியைக் காட்டினாள். "அதுல போறார்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். "அடுத்த வீட்டுல பதினொரு மணிக்கு உள்ள விடுவாங்க, வாங்க, வாங்க." கூட்டம் மெல்ல நகர்ந்தது. பேருந்தும் ஓரம் ஒதுங்கியது.

எர்மினியா அந்தக் கல்லின் ஓட்டைக்குள் விரலை விட்டாள். மழை நனைக்காத மூலையைத் தடவி எடுத்தாள். விரல்நுனி கறுத்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கை துடைத்துக்கொள்ளச் சாவுல் கைக்குட்டையை நீட்டினான். அவள் வாங்கி, நான்காக மடித்து, விரல்நுனிக் கரியைத் துடைக்காமலே அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.