கடுக்காய் வினா

வாசகத் தோழர்களே, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்துக்கு வந்து நின்று பாருங்கள். தைலம்மாள் என்ற மலைக்காரி தலைச்சுமையாக இறக்கிவந்த கடுக்காய் மூட்டையை இருவர் பறித்துப் பாதையோரக் கொட்டகைக்குள் எறிகிறார்கள். அவர்கள் போலீசார் அல்லர். வனக் காவலரும் அல்லர். காட்டில் விளையும் கடுக்காயைச் சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்த ஒரு வியாபாரியின் ஆட்கள். தைலம்மாளின் கடுக்காயோ காட்டில் விளைந்ததன்று. அவள் புருஷன் கரியன் சாமை விதைக்கும் சொந்தக் கொல்லையில் நிற்கும் மரத்தில் விளைந்தது. அந்த மரத்துக்கும் குத்தகைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆயினும் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயெல்லாம் எங்களுடையதே என்று பாதையின் குறுக்கே மூங்கில் கம்பைப் போட்டுப் பறிக்கிறார்கள். விற்றால் அவர்களிடமே விற்க வேண்டும். அவர்கள் சொன்னதே விலை. சின்னசேலம் சந்தைக்குத் தானே கொண்டுபோய் விற்க நினைத்த குற்றத்துக்காகத் தைலம்மாள் வெறுங்கையோடு மலையேற வேண்டும்.

இதை நேரில் பார்த்தவர்களில் மாயவனும் ஒருவர். அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர். எலவனாசூர்கோட்டையில் அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்து, தொண்டை ஒன்றையே முதலாக வைத்து மேடையேறியவர். ஜீப்பிலிருந்து இறங்கி அவர் போட்ட சத்தத்துக்குக் கம்பருகே நின்றவன் மரியாதையாகவே பதில் சொன்னான்.

"இன்னாங்கண்ணே, இங்க வந்து கத்திக்கினு? எதுவா இருந்தாலும் மெட்ராஸ்ல கேளுங்க. நாங்க கூலிக்கு நிக்கிறோம்."

தைலம்மாள் உறுப்பினரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓட்டு கேக்க நீங்க வந்தப்ப இந்தக் கம்ப தூக்கி வுட்டானுங்களே. இன்னிக்கி தூக்க அவனுங்களுக்கு இன்னாங்க வந்துச்சி?"

மாயவன் ஜீப்பைத் திருப்பச் சொன்னார். ஊர் திரும்பியதும் பேரவைக்கு ஒரு வினா எழுதி அனுப்பினார். அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய வினா அது. அது எடுத்துக்கொள்ளப்படும் நாளும் குறிக்கப்பட்டது. குத்தகையைப் புதுப்பிக்கும் நாள் அதற்கு அடுத்த வாரம். ஆனால் ஒரு விதி உண்டு: பெயர் அழைக்கப்படும்போது வினாக் கேட்டவர் தம் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் வினா விழுந்துவிடும். விழுந்தால் அடுத்த கூட்டத் தொடர். அதற்குள் குத்தகை புதுப்பிக்கப்பட்டு, மலைக்காரரின் இன்னும் சில ஆண்டு விளைச்சலும் அந்தக் கொட்டகைக்கே என்று ஆகிவிடும்.

இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி மூண்டிருந்த நேரம் அது. நெடுஞ்சாலைகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன; ஊர் ஊராக இளைஞர்கள் சிறையில் கிடந்தார்கள். மாயவனின் தம்பி அய்யனாரும் உளுந்தூர்ப்பேட்டை மறியலில் பிடிபட்டுக் கடலூர்ச் சிறையில் இருந்தான். நாட்டுக்குச் சோறு விளைவிப்பவன் பிள்ளைக்கு நாற்காலியில் பங்கு எங்கே என்று மேடைதோறும் கேட்டவர் மாயவன். அந்தக் கேள்வி அவருக்குக் கட்சி எழுதிக் கொடுத்ததன்று, வயிற்றிலிருந்து வந்தது.

வினா எடுத்துக்கொள்ளப்படும் நாளின் காலையில், உறுப்பினர் விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் கட்சிக் கொறடா கண்ணாயிரம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வினா நேரம் ஆரம்பிச்ச ஒடனே எழுந்திருக்கறோம். கைதானவங்களைப் பத்தி விவாதம் வைக்கச் சொல்றோம். வைக்க மாட்டாங்க. வெளிய வந்துடறோம். கோஷம் உன்னுது மாயவா. கட்சிக்கே உன் தொண்டைதான்."

"அண்ணே, இன்னிக்கி என் வினா வருதே."

"இன்னா வினா?"

"கடுக்கா."

கண்ணாயிரம் இட்லியை வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி ஜெயில்ல களி துன்னுகினு கீறான், அண்ணன் கடுக்கா கேட்டுக்கினு நிப்பானா? மாயவனுக்கு மலச்சிக்கல்னு பேப்பர்காரன் எழுதுவான்பா. அடுத்த தபா கேளு. மலை எங்கயும் ஓடிடாது."

கொறடா சொன்னபடியே எல்லாம் நடந்தது. எதிர்க்கட்சி எழுந்தது, பேரவைத் தலைவர் மறுத்தார், மாயவனின் கோஷம் கூரையில் மோதித் திரும்பியது. கட்சி வரிசையாக வெளியேறியது. கோஷமிட்டவரே முதலில் நடந்தார். தம்பிக்காக நடந்த நடை அது; அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே கூடத்தில் காபி வந்தது. வெளிநடப்பு செய்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிருபர்களைத் தேடினார்கள். சுவரிலிருந்த ஒலிபெருக்கி உள்ளே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது: ஏதோ ஓர் ஊரின் பாலம், ஏதோ ஓர் ஏரியின் மதகு. வினாக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எதிர்க்கட்சியினரின் வினாக்கள் வந்தபோது, "உறுப்பினர் இல்லை, அடுத்த வினா" என்ற குரல் மட்டும் கேட்டது. மாயவன் டம்ளரை வைத்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, வெளியேறியும் ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. இனி இந்தக் கூடத்தில் நிற்பதால் அய்யனாருக்கு ஒரு பிடி சோறு கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. உள்ளே போனால்?

"எங்கபா, பாத்ரூமுக்கா?" என்றார் கண்ணாயிரம்.

"உள்ள போறேண்ணே."

கண்ணாயிரத்தின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. "போனா அப்பிடியே அந்தப் பக்கமே குந்திக்க. இங்க உனக்கு எடம் இருக்காது."

மாயவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் ஆளுங்கட்சி வரிசைகள் மேசையைத் தட்டி வரவேற்றன. "வாங்க, வாங்க. இந்தப் பக்கம் காத்தோட்டமா கீது" என்று ஒருவர் அழைத்தார். முப்பதாண்டுப் பொதுவாழ்வில் கல்லடியும் சாணியடியும் பட்டவர். எதுவும் அந்த மேசைத் தட்டலைப் போல அவரைச் சுட்டதில்லை. யாருமற்ற வரிசைகளுக்கு நடுவே தம் இடத்தில் போய் நின்றார். பெயர் அழைக்கப்பட்டது.

அமைச்சர் எழுதி வந்ததைப் படித்தார்: குத்தகை காட்டு மரங்களுக்கு மட்டுமே உரியது, மலைவாழ் மக்களின் சொந்த நிலத்து மரங்களுக்குப் பொருந்தாது, புகார் ஏதும் வரவில்லை.

"புகாரை நான் சொல்கிறேன். என் கண்முன்னே ஒரு பெண்ணின் மூட்டையைப் பறித்தார்கள்," என்றார் மாயவன். மேடைக்குரல் இல்லை, அடுத்தவரிடம் வழி கேட்பது போன்ற குரல். "பாதையில் கம்பு போட்டுத் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா, இல்லையா? அமைச்சர் அதை மட்டும் சொன்னால் போதும்."

அமைச்சர் அதிகாரிகள் அமர்ந்திருந்த மாடத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து எந்தக் காகிதமும் இறங்கவில்லை.

"இல்லை."

"இல்லாத அதிகாரத்தைச் செலுத்துகிறவருக்கே குத்தகை மறுபடியும் போகுமா?"

"பரிசீலிக்கப்படும்," என்றார் அமைச்சர். அடுத்த வினா அழைக்கப்பட்டது.

கட்சி விளக்கம் கேட்டது. அந்தத் தொடர் முடியும்வரை பேசுவோர் வரிசையில் மாயவனுக்கு இடமில்லை என்றும் அறிவித்தது. கட்சியின் முடிவைவிடக் கடலூர்ச் சிறையின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அய்யனார் கேட்டதுதான் அவருக்கு வலித்தது.

"எனக்காக வெளிய போனவங்கல்லாம் வெளியவே நின்னாங்க. நீ மட்டும் உள்ள பூந்துக்கினியாமே."

"ரெண்டும் பண்ணேன்டா."

"மலைக்காரனுக்குதான் தனி ஒதுக்கீடு கீதே. அவனுக்கு இன்னா கொறச்சல்? நமக்குதான் ஒண்ணும் இல்ல."

"ஒதுக்கீடு படிச்சவனுக்குடா. கடுக்கா மூட்டையோட மலை எறங்குற பொண்ணு எந்த வருசம் பத்தாவது முடிப்பா? உன் பங்கைக் கேக்க நீ ரோட்ட மறிச்ச. அவ பங்கை எடுக்க அவ ரோட்ட ஒருத்தன் மறிச்சிக்கினு கீறான். ரெண்டும் ஒண்ணாடா?"

கைதியைப் பார்க்கும் நேரம் முடிந்தது.

மாயவன் வெள்ளிமலைக்குப் போய்த் தைலம்மாளைத் தேடினார். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் சொன்னதைச் சொன்னார்.

"அவரு சொன்னாருங்களா? செரி," என்றாள் தைலம்மாள். முறம் நிற்கவில்லை. "கீழ நிக்கிறவன்கிட்ட சொன்னாரா?"

"நாம போய்ச் சொல்லுவோம்."

"நாம இன்னா நாம? மூட்டை என் தலையில கீது. நீங்க ஜீப்புல வருவீங்க."

"நடந்தே வரேன். ஒரு மூட்டையை என் தலையில ஏத்து."

அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "உங்க தலை தாங்காதுங்க. சும்மா கூட வாங்க, போதும்."

சந்தை நாளன்று விடிந்ததும் மலைக்காரர்கள் சுமையோடு வரிசையாக இறங்கினார்கள். தைலம்மாள் முன்னால், கரியன் பின்னால், அவனுக்குப் பின்னால் மூச்சிரைக்க மாயவன். கொட்டகைக்காரன் கம்பைத் தூக்கவில்லை.

"மந்திரி சொன்னாருன்னா எழுத்துல வரட்டுங்க. குத்தகை எங்க முதலாளிக்கே வருதுன்னு பேசிக்கிறாங்க. போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

தைலம்மாள் மூட்டையை இறக்கிக் கம்பின் எதிரே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். "நான் மேல போவல. கீழ போறதுக்குதான் வந்தேன்."

ஒவ்வொரு மூட்டையாக இறங்கியது. மாயவன் வெறுந்தரையில் உட்கார்ந்தார். இதை எழுதும் இந்த நேரத்திலும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தோழர்களே, உங்கள் பங்கைக் கேட்டு நெடுஞ்சாலையில் இறங்கியவர்கள் நீங்கள். அந்தத் துணிவோடு கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் புறப்படுங்கள். கட்சிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஆளுக்கொரு கை கொடுத்தால் ஒரு மூங்கிலைத் தூக்குவது பெரிய வேலையன்று. தூக்கிவிட்டு, அந்த மூட்டைகளோடு சந்தைவரை நடந்து வாருங்கள். இன்றே வாருங்கள்.