வலப்பக்கம் இழுத்த வண்டி

வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்று இளங்கோவன் சொன்னபோது நான் நம்பவில்லை. டிரைவர் சொல்வதை நான் நம்பிப் பழக்கமில்லை. டயர் தேய்ந்தாலும் கண்ணாடி உடைந்தாலும் அவர்களுக்குக் குற்றம் எப்போதும் வண்டி மேல்தான். என் கைதான் தப்பு என்று ஒருவனும் சொன்னதில்லை.

பிக்கப் என்னுடையது. பொதட்டூர்பேட்டைத் தறி வீடுகளில் லுங்கிக் கட்டுகளை ஏற்றி, திருத்தணி வழியாக அரக்கோணம் குடோனில் இறக்க வேண்டும். இளங்கோவன் ஓட்டுவான். நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து கூடவே போவேன். கட்டுகளை இடப்பக்க ஓரமாகத்தான் அடுக்கச் சொல்வேன், அப்போதுதான் என் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும். முன்பு இருந்த டிரைவர் வழியில் சில கட்டுகளை இறக்கி விற்றுவிட்டான். அதிலிருந்து கண்ணில் படாத சரக்கு என் வண்டியில் ஏறுவதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். ரோட்டின் வலப்பக்க ஓரமாகக் காவடிக்காரர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். லோடு ஏற்றிய வண்டி அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. இளங்கோவன் கடைசி நேரத்தில் ஸ்டேரிங்கை இடப்பக்கம் வளைத்தான். ஒரு காவடியின் மயிலிறகு எங்கள் கண்ணாடியை உரசியது.

காவடி தூக்கியவன் கோபப்படவில்லை. "இன்னா மச்சான், நாங்க நடந்தே போறோம். சாமிகிட்ட நீ சீக்கிரமா அனுப்பிவெக்கத் தேவையில்ல" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குடிச்சியா?" என்று இளங்கோவனைக் கேட்டேன்.

"மாலை போட்டுகினு கீறேன் நைனா. இன்னா பேச்சு இது."

"மாலை கழுத்துக்குத்தான்டா. வாய்க்கு யாரு போட்டா?"

"நீயே புடிச்சிப் பாரு ஸ்டேரிங்க. வலப்பக்கமே இழுத்துகினு போவுது."

எனக்கு ஓட்டத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும்.

அவன் முன்பு குடித்தவன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பெண்சாதி மணியம்மை வீட்டுக்கு வந்து, "இவரு மறுபடி குடிச்சா எனக்கு ஒரு வார்த்த சொல்லு நைனா. புள்ளைங்கள இட்டுகினு நகரிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழாமல் சொல்கிற பொம்பளை செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் வண்டியையும் பார்க்காமல் விடக் கூடாது என்று, சரக்கை இறக்கியதும் நஜீர் அகமது பட்டறைக்கு விட்டேன். அரக்கோணம் ரோட்டில் பட்டறை. நஜீர் பாய் முன் சக்கரங்களுக்குக் காற்று பார்த்தார். வலது டயரைக் கழற்றி இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு என்றால் இழுப்பு பக்கம் மாறுமாம். மாறவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து முன் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் சுடுமாம். இரண்டும் ஒரே சூடு. மெஷினில் அலைன்மெண்ட் பார்க்கிற கடைக்கு அனுப்பினார். அங்கேயும் முன் சக்கரம் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"காலி வண்டி பெருசா இழுக்கலண்ணே" என்றார் நஜீர். "லேசா போவுது. ரோடு சாய்வா இருந்தாலும் அப்படிப் போவும்."

"அப்போ வண்டி நல்லா கீது."

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா கீது."

வண்டி நன்றாக இருந்தால் ஆள் சரியில்லை. அன்று சாயங்காலமே மணியம்மைக்குப் போன் செய்து, "உன் ஆளு மறுபடி ஆரம்பிச்சிட்டான்" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரி நைனா என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இளங்கோவன் சாவி வாங்க வந்தான். முகம் கழுவாமல் வந்திருந்தான்.

"வீடு பூட்டிக் கீது நைனா. போன எடுக்க மாட்டேன்றா. நீ இன்னா சொன்ன?"

"பாத்தத சொன்னேன்."

"இன்னா பாத்த?"

சாவியை நீட்டினேன். "இன்னிக்கி லோடு மட்டும் இறக்கிடு. திங்கக்கிழமையிலிருந்து கணேஷ்ராம் ஓட்டுவான்" என்றேன். உடம்பு சரியில்லை, நான் வரவில்லை என்றும் சொன்னேன்.

"மலைக்கு வா. சாமி முன்னாடி கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்."

"சத்தியத்த ஊத்தி வண்டி ஓட்ட முடியாதுடா."

அவன் போன பிறகு நஜீரின் தம்பி ஜாஹித்தை ஆட்டோ எடுத்துவரச் சொன்னேன். பொதட்டூர்பேட்டைக்குப் போய், வண்டி லோடு ஏற்றிக் கிளம்பும் வரை ஒரு சந்தில் காத்திருந்தோம். வழியில் ஒரு ஒயின்ஷாப் இருக்கிறது. அங்கே அவன் நிறுத்துவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். போனில் சொன்னபோது பார்த்திருக்கவில்லையே என்பது ராத்திரியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

"பெருசு, போலீசு வேலைக்கு நீ லேட்டா வந்துட்ட" என்றான் ஜாஹித்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒயின்ஷாப் வந்தது. வண்டி நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. தாண்டி இன்னும் கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் முன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். என் வண்டி ரோட்டில் ஓடுவதைப் பின்னாலிருந்து நான் பார்த்ததே கிடையாது. எப்போதும் உள்ளே உட்கார்ந்திருப்பவன்.

வண்டி நேராகத்தான் போனது, ஆனால் கோணலாகப் போனது. தெரு நாய் ஓடும்போது பின்கால் ஒரு பக்கமாக ஒதுங்கி வருமே, அப்படி. ஈர ரோட்டில் முன் சக்கரம் போன தடத்தின் மேல் பின் சக்கரத் தடம் விழவில்லை. தனியாக, இடப்பக்கம் தள்ளி விழுந்தது.

"ஜாஹித், அந்தத் தடத்தப் பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். "ஆங், நாலு கோடு கீது. ரெண்டுதானே இருக்கணும்?"

ஆட்டோவை முன்னால் விட்டு வண்டியை மறிக்கச் சொன்னேன். இளங்கோவன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தான், ஜாஹித்தைப் பார்த்தான், ஆட்டோவைப் பார்த்தான்.

"உடம்பு சரியில்லன்ன?"

"நேரா பாய் பட்டறைக்கு விடு" என்றேன்.

ஜாஹித் வாயை மூடிக்கொண்டு இருப்பவன் அல்ல. "நீ ஒயின்ஷாப்ல நிப்பன்னு பாக்க வந்தாரு. நிக்காம போயி பெருச ஏமாத்திட்டியே" என்றான். இளங்கோவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நஜீர் இந்த முறை லோடோடு வண்டிக்கு அடியில் படுத்தார், பின்பக்கம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்தே பேசினார்.

"ஆக்சில ஸ்பிரிங் பட்டையில நகராம புடிக்கிற சென்டர் போல்ட்டு அறுந்து கீது. இடப்பக்க யூ போல்ட்டும் தளர்ந்து போச்சு. லோடு ஏறுனா இந்தப் பக்கத்து சக்கரம் பின்னாடி நகர்ந்துக்குது. பின் ஆக்சிலே கோணலா நிக்குது. பின்னாடி இடப்பக்கம் தள்ளுனா மூஞ்சி வலப்பக்கந்தான் திரும்பும்."

"நேத்து நீ பாக்கல?"

"முன்னாடி இழுக்குதுன்னா முன்னாடிதாண்ணே பாப்பாங்க. நானும் அப்படித்தான் பாத்தேன். தப்புதான்." வெளியே வந்து கையைத் துடைத்தார். "இந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை மட்டும் தட்டையாப் போயிருக்கு. எப்பவும் இந்தப் பக்கமேவா லோடு ஏத்துறீங்க?"

இளங்கோவன்தான் சொன்னான். "அவரு கண்ணாடியில தெரியணும் பாய்."

ஜாஹித் சிரிக்கப் பார்த்தான். நஜீர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

சரக்கை இறக்கி, சேசிஸை ஜாக்கியில் தூக்கி, யூ போல்ட்டுகளைக் கழற்றினார்கள். இளங்கோவனே கடப்பாரையைப் போட்டு ஆக்சிலை நெம்பினான், நஜீர் அடியிலிருந்து இடம் சொன்னார். அறுந்த போல்ட்டின் பாதி துருப்பிடித்திருந்தது. மீதி பாதி நேற்று உடைந்தது போல் பளபளவென்றிருந்தது. புது போல்ட் போட்டு, தட்டையான பட்டையை மாற்றி, முடுக்கினார்கள். கட்டுகளைத் திரும்ப ஏற்றும்போது இளங்கோவன் யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினான். நஜீர் ஓட்டிவிட்டு வந்து, கையை விட்டாலும் நேராகப் போகிறது என்றார்.

"அரக்கோணம் போய் இறக்கிட்டு நகரிக்குப் போ" என்றேன் இளங்கோவனிடம். "வண்டிக் கோளாறுன்னு சொல்லி இட்டுகினு வா."

"நானு சொன்னா நம்புவாளா? சொன்னது நீ. நீயே வந்து சொல்லு."

நியாயம்தான். சரக்கை இறக்கிவிட்டு அங்கிருந்தே போனோம். ஆந்திரா செக்போஸ்ட்டைத் தாண்டி நகரிக்குள் நுழையும்போது இன்னும் இருட்டவில்லை.

மணியம்மை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் கையோடு கொண்டுவந்த அறுந்த போல்ட்டை நீட்டினேன்.

"இதுதான் அறுந்துடுச்சு. அதான் வண்டி சாஞ்சிகினு போச்சு. அவன் குடிக்கல."

"போல்ட்ட வெச்சிகினு நான் இன்னா பண்றது நைனா? நீ போன் பண்ணியே, நேத்து இவரு குடிச்சத நீ பாத்தியா?"

"பாக்கல."

"மோந்து பாத்தியா?"

"இல்ல."

"அப்பறம் எப்படிச் சொன்ன?"

போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். இளங்கோவன் வண்டியிலிருந்து இறங்கவேயில்லை. மணியம்மை மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

"நீ எவனுக்காவது பரிஞ்சு பேசி நான் பாத்ததில்ல" என்றாள். "பெத்த புள்ளையையே திருடன்னு சொன்ன ஆளு நீ. இவ்ளோ தூரம் வந்து குடிக்கலன்னு நீயே சொல்றன்னா, குடிச்சிருக்க மாட்டாரு."

அது புகழ்ச்சி இல்லை. அவள் உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பையோடு வந்தாள். இடப்பக்க சீட்டில் அவர்கள் ஏறியதும் கதவு நெருக்கித்தான் மூடியது. பின்னால் காலியாகத்தான் இருந்தது. ஏறிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை வருவியாடா?" என்று இளங்கோவனைக் கேட்டேன்.

அவன் மணியம்மையைப் பார்த்தான்.

"வருவாரு" என்றாள் அவள். "ஆனா நீ கூட ஏறாத நைனா. வீட்ல இரு. சரக்கு காணோம்னா என்கிட்ட வா, நான் பதில் சொல்றேன்."

கணேஷ்ராமுக்கு இந்த ரோடு தெரியாது. கட்டும் கட்டத் தெரியாது. சரி என்றேன்.

திருத்தணி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். மணியம்மை கையைக் காட்டினாள். வண்டி கிளம்பியது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.