அக்கா வீட்டு மேனேஜர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் செட்டோடு இலவசமாகக் கிடைத்தது. செட் செய்து கொடுத்தவரின் விரல்களில் பாதிக்கு மேல் தழும்பு.

"மெஷின்ல மாட்டிக்கிச்சா?" என்றேன்.

"இல்ல சார். முயல்."

நான் சிரித்ததில் புதுப் பல் கழன்று விழப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று பாதிக் கதை கிடைத்தது. மீதியை, செட் உறுத்துகிறது என்று சாக்குச் சொல்லி மறுபடியும் போய் வாங்கிக்கொண்டேன்.

2

முதலில் இப்படித்தான் எழுத ஆரம்பித்தேன்: "பஞ்சுப் பொதி போல வெள்ளை வெளேரென்று ஒரு..."

அடித்துவிட்டேன். முயல் உண்மையில் கரிச்சட்டி நிறம். பெயர் மேனேஜர். கூண்டுக்குள் யார் கையை விட்டாலும் உறுமி*, முன்னங்காலால் அறைந்து, கடித்துத் திருப்பி அனுப்பியதால் வந்த பெயர்.

(* முயல் உறுமுமா என்று கேட்பவர்கள் மேனேஜரின் தட்டை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.)

முயல் பல் செட்காரருடையது அல்ல, அவருடைய அக்காவுடையது. அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ்; தனியாக இருப்பவர். முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், தம்பி தன் வீட்டைப் பூட்டிவிட்டு முயலைப் பார்த்துக்கொள்ள வந்தார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வாக்கர் பிடிச்சு நடக்கும்போது அது கால்ல பாஞ்சா விழுந்துடுவீங்க. அதை யாருக்காவது குடுத்துடுங்க."

அக்கா தம்பியைப் பார்த்தார். "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதை வழிக்குக் கொண்டு வாடா."

"முடியலன்னா?"

"கொண்டு வான்னு சொன்னேன்ல."

3

தம்பி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஆள் சரியான அவசரக்குடுக்கை. இப்படிப்பட்டவர் எப்படிப் பல் செட் செய்வார்? அவரிடமே கேட்டேன்.

"பல்லுகிட்டப் பொறுமையா இருப்பேன் சார். உயிரோட இருக்கறதுங்ககிட்டதான் முடியாது."

இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

முதலில் தோல் கையுறை போட்டுப் பார்த்தார். கையுறையில் ஓட்டை விழுந்தது. அதட்டிப் பார்த்தார், மேனேஜர் பின்னங்காலால் தரையை அறைந்து பதில் சொன்னது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"அக்கா, உன்கிட்ட மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கு?"



"என்னையும் கடிக்கும்டா. கரண்டிக் காம்பாலதான் தட்டைத் தள்ளுவேன்."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கே?"

"உறுமறதுக்காவது வீட்டுல ஒரு ஆள் இருக்குல்ல."

(இந்த இடத்தில் தம்பியின் மனநிலையை ஒரு பத்தி எழுதியிருந்தேன். "விசேஷம் என்றால் மட்டும் எட்டிப் பார்க்கும் தம்பி, அன்றுதான்..." வேண்டாம். போனை வைத்துவிட்டுப் போய்க் கூண்டின் முன் தரையில் உட்கார்ந்தார். அது போதும்.)

4

கீழே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கூண்டு அதனுடைய வீடு. கூப்பிடாமலே அதற்குள் ஒரு பெரிய கை, பருந்து மாதிரி, உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் கையை உள்ளே விடவில்லை. கூண்டைத் திறந்துவைத்து, வெளியே கொஞ்சம் கொத்தமல்லித்தழையைப் போட்டுவிட்டு, வேறு பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டார். மேனேஜர் வந்தது. தழையைத் தின்றது. அவருடைய சட்டைப் பொத்தானையும் ருசி பார்த்துவிட்டு ஓடியது. அது வெளியே உலாவும்போது மட்டும் கூண்டைச் சுத்தம் செய்தார். படுத்தபடியே அக்காவோடு ஸ்பீக்கரில் பேசினார், தினமும். முயல் மிரளக் கூடாது என்று அதிகாரக் குரலுக்குப் பேர்போன அக்காவும் தாழ்ந்து பேசப் பழகினார்.

ஒரு சாயங்காலம் அது தன் தலையை அவர் கைக்கடியில் கொண்டுவந்து வைத்தது. அவர் நெற்றியை வருடிக் கொடுத்தார்.

"அக்கா," என்று குசுகுசுத்தார், "தலையைக் குடுக்குதுக்கா."

"அசையாதடா," என்று அக்காவும் குசுகுசுத்தார்.

"கடிக்கலையாமா?" என்று பக்கத்துக் கட்டில்காரரும் குசுகுசுத்தது போனில் கேட்டது.

5

அக்கா வீடு திரும்பிய காட்சியை மூன்று விதமாக எழுதினேன். முதலாவதில் மேனேஜர் தாவி அவர் மடியில் ஏறியது. முயலைப் பற்றித் தெரிந்தவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இரண்டாவதில் அது பாய, அக்கா தடுமாறி... அதை முடிக்கக் கை வரவில்லை.

மூன்றாவதுதான் நடந்தது. தம்பி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் வாக்கரை நிறுத்திவிட்டுக் கூண்டைத் திறந்தார். மேனேஜர் வெளியே வந்து ஒரு உறுமல் உறுமியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது வாக்கரின் கால்களை ஒவ்வொன்றாக மோந்து, ஒவ்வொன்றிலும் தாடையைத் தேய்த்தது. பிறகு அக்காவின் செருப்பில் தேய்த்தது. முயல் பாஷையில் அதற்கு 'இது என்னுடையது' என்று அர்த்தம்.

"திமிரைப் பாரேன்," என்றார் அக்கா. "நான் நடக்கும்போது மட்டும் கூண்டைச் சாத்திடலாம்டா. யாருக்கும் குடுக்க வேணாம்."

6

இனி தம்பி ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி வாசலில் தயார். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தொடையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மேனேஜர் தூங்குகிறது.

"எழுந்திருடா, பஸ் போயிடும்."

"எழுந்தா முழிச்சுக்கும்கா."

"முழிச்சுக்கட்டுமே?"

தம்பி அதன் நெற்றியை வருடினார். அக்காவும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அன்று எப்போது எழுந்தார் என்று நானும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. எழுத்தாளனுக்கு அது ஒரு வரி வேலை. எழுதியும் பார்த்தேன்: "தம்பி மெல்ல எழுந்..."

முடியவில்லை. அவரை எழுப்பத்தான் வேண்டுமென்றால், நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள்.