இரண்டாவது பூச்சு

கிண்ணத்தின் மேல் கிடந்த ஈரத்துணியை விலக்கி, தையல்காரர் விரலை விட்டுப் பார்த்தார். ஓரம்தான் கெட்டியாகியிருந்தது; நடுவில் பெயின்ட் இன்னும் குழைவாகவே இருந்தது. முன்னறையில் யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கினார்கள். அவர் பிரஷ்ஷைத் தேடினார்.

“அத்தான், இங்க என்ன பண்றீங்க? வர்றவங்கல்லாம் உங்களத்தான் கேக்கறாங்க.” மனைவியின் தங்கை கதவருகே நின்றாள்.

“வண்டி எப்ப வரும்?”

“வந்துக்கிட்டே இருக்காம்.”

“அப்ப அதுக்குள்ள முடிச்சிரணும்.”

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல மறுபடி உள்ளே வந்துவிட்டார்.

சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டில் சமையல் சோடாவைக் கொட்டிக் கலந்து, பிளாஸ்டிக் ஜாடிகளைக் கல் ஜாடிகளாக்குவது மனைவிக்குப் பைத்தியம். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அத கொஞ்சம் நகர்த்தி வைங்களேன்” என்பாள். அவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்குவார்கள். ஜாடி காற்றாய் முகவாய்க்கு வந்து நிற்கும். அவள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம் தலையணையில் சாய்ந்தபடி இந்த ஜாடிக்கு இரண்டாவது பூச்சு போட்டாள். “இது என் போட்டோ பக்கத்துல வைக்க. கடை ஜாடி வச்சீங்க, எந்திரிச்சு வந்துருவேன்.” பாதியில் கை ஓய்ந்தது. மீதியைக் காலையில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் படுத்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை.

அவர் பூச ஆரம்பித்தார். துணியில் நேர்க்கோடு பிடித்துப் பழகிய கை, மழமழவென்று இழுத்தது. அவள் இருந்தால் கத்தியிருப்பாள்: ‘கல்லு என்ன இஸ்திரி போட்டா வருது? ஒத்தி ஒத்தி எடுங்க.’

ஒத்தினார். கை நடுங்கியது. நடுங்கிய கைக்குத்தான் சொரசொரப்பு சரியாக வந்தது. இத்தனை வருஷத்தில் வராதது இன்றைக்கா வந்து தொலைக்கவேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

தெருவில் வண்டி வந்து நின்றது. ஈரம் காயாத ஜாடியை அடியில் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்தார்.

“வழியில இருக்கே, ஓரமா வச்சிர்றேன்” என்று மனைவியின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். கனத்த உடம்பு. காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். ஜாடி மூக்கில் போய் இடித்தது. மூக்கெல்லாம் சாம்பல் நிறம்.

மகள் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரரும் சிரிக்கப் போனார்; சிரித்துக்கொண்டே பழக்கத்தில் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். தெருவிலிருந்து வந்த நாலு பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். “ம்” என்று ஒருவர் குரல் கொடுக்க, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள்.

ஒரே எம்பில் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டாள் அவள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மெதுவா” என்றார் தையல்காரர்.