நாற்பத்திரண்டாவது மான்

மேயர் மூன்றாம் முறையாக அப்பாவைக் கொம்பில் தூக்கி வேலியில் அடித்தபோது, ஆர்லிஸ் மண்வெட்டியை அதன் முதுகில் இறக்கினாள். பிடி முறிந்தது. மான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பிவேலி முழுவதும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

கொட்டகைக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்து வந்தாள். முதல் குண்டு கழுத்தில் பட்டது. அது தலையைச் சிலுப்பி அவரை மறுபடியும் முட்டியது. இரண்டாவது குண்டில் முன்னங்கால்கள் மடிந்தன. மூன்றாவது குண்டுக்குப் பிறகு அது அவர் கால்கள் மேலேயே விழுந்து, பின்னங்காலால் சேற்றை உதைத்துக்கொண்டே இருந்தது. கொம்பின் ஒரு கிளை அவர் வயிற்றுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க அவள் மானின் தலையைக் காலால் மிதித்துத் தள்ள வேண்டியிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு அப்பா எல்டன் அந்தத் தலையைத் தன் மடியில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்திருந்தார். ஊரே தன்னுடையது என்பதுபோல் நடக்கிறான் என்று அதற்கு மேயர் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

"அசையாதப்பா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்கு."

எல்டன் அவளைப் பார்க்கவில்லை. வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எட்டடி வேலி கீழிருந்து மார்பு உயரம் வரை வெட்டப்பட்டு, கதவுபோல் மடித்துவிடப்பட்டிருந்தது. கம்பி வெட்டும் குறடு கையுறை போட்ட அவர் கையில் இன்னும் இருந்தது.

"ஹேஸல் போயிட்டா," என்றார். அவருடைய செல்லப் பெண்மான்.

இருபத்தேழு நாட்களில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்குமேல் பேசவில்லை. அவர் மூச்சு பனியில் புகைவதை ஆர்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரத்தம் மட்டும் புகைந்தது.

அவள் எழுந்து, அவர் கையிலிருந்த குறடை உருவிக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனாள். மற்ற மான்கள் எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆம்புலன்ஸ் மேட்டில் ஏறி வரும்போது அவள் வேலியைக் கம்பியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய மாதம், அக்டோபரில், அவர்களுடைய மான்பண்ணையில் ஒரு பெண்மான் செத்திருந்தது. அதற்கு முன் இரண்டு மாதங்கள் அது இளைத்துக்கொண்டே வந்தது. காதுகள் தொங்க, எச்சில் ஒழுக, தண்ணீர்த் தொட்டியருகே நாள் முழுக்க நின்றது. பண்ணையில் எந்த மான் செத்தாலும் தலையை மாநிலச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எல்டன் குழி தோண்டப் போனார். அவர் திரும்புவதற்குள் ஆர்லிஸ் தலையை அறுத்து, பையில் கட்டி, தானே வண்டியோட்டிப் போய்க் கொடுத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மானை உருக்கிக் கொல்லும் அந்த நோய்தான். மருந்து கிடையாது. எச்சிலில் பரவும், மூத்திரத்தில் பரவும், விழுந்த மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மிச்சமிருக்கும் நாற்பத்திரண்டையும் சுட வேண்டும்.

"மூளையைக் கீறிப் பார்த்துப் பேப்பர்ல எழுதறாங்க. என் மானுங்க ஒரு தும்மல்கூடப் போடல," என்றார் எல்டன், அவளிடம் அல்ல, காபிக் குவளையிடம். அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்தினார்.

நவம்பரில், இணைசேரும் பருவத்தில், ஆண்மானுக்கு மதம் ஏறும். அப்போது இடுப்பளவு பலகையைக் கேடயமாகப் பிடிக்காமல் யாரும் பட்டிக்குள் போகக் கூடாது என்பது எல்டனே போட்ட விதி. வேலியை வெட்டப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பலகையைக் கொட்டகைச் சுவரிலேயே சாத்திவிட்டுப் போயிருந்தார். கம்பி வெட்ட இரண்டு கையும் வேண்டும்.

திங்கட்கிழமை அண்ணன் கர்ட் நகரத்திலிருந்து வந்தான். வேலியில் புதிதாகத் தைத்த இடத்தைப் பார்த்தான். ஒரு கம்பி முடிச்சை விரலால் நெம்பிப் பார்த்தான். மதியம் பக்கத்துப் பண்ணை ஸ்டான் சொபோட்டா, தன் மனைவி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குத் தட்டோடு வந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்டன் நேரம் பார்த்துத்தான் போயிருக்கான். அறுவடை முடிஞ்சுது, வேட்டை சீசன் இன்னும் ஆரம்பிக்கல. யாருக்கும் தொந்தரவு இல்ல."

கர்ட் சிரித்தான். ஆர்லிஸும் கொஞ்சம் சிரித்தாள்.

ஸ்டான் தொப்பியைச் சுற்றினார். "சனிக்கிழமை என் பேரப்பசங்க நாலு பேரும் வர்றாங்க. சின்னவளுக்கு இது முதல் சீசன். குளிர்காலம் பூரா எங்களுக்கு மான்கறிதான், உனக்குத் தெரியும். அதான் கேக்கறேன். இங்கருந்து ஒன்னும் வெளிய போயிடலையே?"

"எதுவும் போகல," என்றான் கர்ட்.

ஆர்லிஸ் தட்டை மூடியிருந்த அலுமினியத் தாளின் ஓரத்தை அழுத்திவிட்டாள்.

அவர் போனதும் கர்ட் சொன்னான்: "ஒரே ஒரு மான். காட்டுல ஆயிரம் இருக்கு. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"ஹேஸல் காதுல பதினேழுன்னு மஞ்சள் வில்லை மாட்டியிருக்கு."

"அதனால? நோய் வந்த மானை வேணும்னே அவுத்து விட்டவர்னு அப்பா பேரு பேப்பர்ல வரணுமா? அவர் பெட்டியைத் தூக்க இந்த ஊர்ல ஆறு பேர் வேணும் ஆர்லிஸ்."

செவ்வாய்க்கிழமை காலை மாநில அரசிலிருந்து நாலு துப்பாக்கிக்காரர்களும் கால்நடை மருத்துவர் வெய்லண்டும் வந்தார்கள். வெய்லண்ட் ஐம்பது வயதுப் பெண். ரப்பர் பூட்ஸ் அணிந்திருந்தார்.

"உங்களைக் கேக்கவே சங்கடமா இருக்கு," என்றார். "எங்க ஆளுங்களைக் கண்டா மானுங்க வேலியில மோதிக் கழுத்தை முறிச்சுக்கும். உங்க சத்தம் அதுங்களுக்குப் பழக்கம்."

ஆர்லிஸ் ஐஸ்கிரீம் வாளியை எடுத்தாள். காலி பிளாஸ்டிக் வாளி. அதில் உடைத்த மக்காச்சோளத்தை நிரப்பி ஆட்டுவதுதான் தினமும் காலையில் எல்டனின் அழைப்பு. அவள் ஆட்டினாள். வந்தன. ஐந்தைந்தாகக் குறுகிய சந்துக்குள் அவள் பின்னாலேயே வந்தன. அவள் வெளியே வந்து கதவைச் சாத்தியதும் சுட்டார்கள். விழுந்தவற்றின்மேல் ஏறி மற்றவை பலகைச் சுவரில் பாய்ந்தன. ஒன்று தாடை உடைந்து, நாக்கு தொங்க, அவள் நின்ற கதவிடுக்கில் மூக்கை நுழைத்தது. அதையும் சுட்டார்கள். இழுத்துப் போட்டார்கள். அவள் மறுபடியும் வாளியோடு போனாள். எட்டாவது முறை போனபோதும், காலுக்கடியில் இருந்த ரத்தத்தை மோந்து பார்த்துவிட்டு, வந்தன.

கறுப்புப் பைகளில் தலைகள் வரிசையாக இருந்தன. வெய்லண்ட் காது எண்களைப் பட்டியலில் சரிபார்த்தார். தார்ப்பாய்க்கடியில் கிடந்த மேயரையும் சேர்த்தார்.

"நாற்பத்தொன்னுதான் வருது. பதினேழு இல்ல."

"அது போன வாரமே செத்துடுச்சு," என்றான் கர்ட். "அப்பா எங்கயோ புதைச்சார்."

வெய்லண்ட் ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் தன் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள்.

"வெளிய இருக்கா. ஞாயித்துக்கிழமையிலிருந்து."

கர்ட் கோட்டைப் பிடித்து அவளை வண்டிக் கதவில் இடித்தான். அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "முதல்ல தலையை அறுத்து அனுப்பினே. இப்ப அவரையே அறுத்துப் போட்டுட்டே. திருப்தியா?"

துப்பாக்கிக்காரர் ஒருவர் அவனைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார். வெய்லண்ட் பட்டியலை மடித்தார்.

"வேலியை யார் வெட்டினாங்கன்னு இன்னைக்கு நான் கேக்கல," என்றார். "ஆனா இது மதம் ஏறுற நேரம். அவளைத் தேடி காட்டுமானுங்க வரும். ஒன்னு அவளை நக்கினாப் போதும். நாளைக்கு அடக்கம் முடியட்டும். அப்புறம் ஆளுங்களை விட்டுத் தேடறோம்."

புதன்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேர் இருந்தார்கள். ஸ்டான் முன்னால் பிடித்திருந்தார். கல்லறைத்தோட்டம் மேட்டின்மேல், அறுவடை முடிந்த சோளவயலை ஒட்டி இருந்தது. அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் குழி. பாதிரியார் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

வயலின் நடுவே ஒரு பெண்மான் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்டனை வழியனுப்ப வந்திருக்கு," என்றாள் ஸ்டானின் மனைவி வர்னா. குரல் உடைந்தது. யாரோ விசும்பினார்கள். தொப்பி போட்டிருந்த ஒரு கிழவர் அதைக் கழற்றினார். ஸ்டான் மட்டும் கண்ணைச் சுருக்கி அதன் காதைப் பார்த்தார். பிறகு திரும்பி கர்ட்டைப் பார்த்தார்.

ஆர்லிஸ் அதற்குப் பின்னால் பார்த்தாள். மரங்களின் ஓரத்தில் ஒரு காட்டு ஆண்மான் மூக்கைத் தரையில் வைத்தபடி ஹேஸலின் தடத்தையே பிடித்து வந்துகொண்டிருந்தது. நூறு அடிகூட இருக்காது.

அவள் கூட்டத்தைவிட்டு நடந்தாள். கர்ட் வண்டியருகே அவளை எட்டிப் பிடித்தான்.

"இங்கயா? அப்பாவை இன்னும் இறக்கக்கூட இல்ல."

"சாவியைக் குடு."

"எல்லாரும் பார்க்கறாங்க ஆர்லிஸ்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். உதட்டுக் காயம் அவனுக்கு நேராக இருந்தது. அவன் கோட்டுப்பையில் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். துப்பாக்கி இருக்கைக்குப் பின்னால் இருந்தது. வாளி, நேற்றைய சோளத்தோடு, வண்டியின் பின்தட்டில் இருந்தது.

பனியில் சோளத்தாள்கள் முறிய அவள் நடந்தாள். வாளியை ஆட்டினாள். ஹேஸலின் காதுகள் நிமிர்ந்தன. முதலில் நடையாகவும் பிறகு ஓட்டமாகவும் வந்தது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து எட்டு வாரம் அடுப்படியில் அட்டைப்பெட்டிக்குள் வளர்ந்த மான். வாளிக்குள் முகத்தை விடுவதற்கு முன் அவள் கட்டைவிரலை நக்கியது.

ஆர்லிஸ் வாளியைக் கீழே வைத்துப் பின்வாங்கினாள். தலையில் சுடக் கூடாது. சோதனைக்கு முழுத் தலை வேண்டும். அவள் மானின் தோளுக்குப் பின்னால் குறி வைத்தாள்.

சத்தத்தில் கல்லறை மேட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். ஹேஸல் எகிறி வாளியை உதைத்துவிட்டு ஓடியது. அவளிடமிருந்து ஓடவில்லை. வட்டமடித்து அவளை நோக்கியே வந்து, முழங்காலில் விழுந்து, மறுபடி எழப் பார்த்தது. அவள் இரண்டாவது குண்டைச் சுட்டாள். கால்கள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு நின்றன.

காட்டுமான் மரங்களுக்குள் பாய்ந்தது. ஆனால் போய்விடவில்லை. ஓரத்திலேயே நின்று, தலையை ஏற்றி இறக்கி, சோளம் சிதறிய பக்கம் பார்த்தது.

ஆர்லிஸ் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள். முழங்காலிட்டு, எச்சில் பட்ட சோளத்தைப் பனியிலிருந்து பொறுக்கி வாளிக்குள் போட ஆரம்பித்தாள். விரல்கள் சீக்கிரமே மரத்துப்போயின. பின்னால் பாதிரியாரின் குரல் தயங்கித் தயங்கி மீண்டும் தொடங்கியது.

பக்கத்தில் கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. வெகுநேரம் நின்றன.

"பனிக்குள்ள புதைஞ்சதையுமா?" என்றான் கர்ட்.

"அதையும்."

அவன் கோட்டின் கைகளை மடித்துவிட்டு அவளுக்கு எதிரே மண்டியிட்டான். சோளத்தாளின் கட்டைகளுக்கு இடையே விரலை விட்டு, உடைந்த ஒரு மணியை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, வாளிக்குள் போட்டான்.