பத்தால் பெருக்கிய தீ

அண்ணன் படுத்தபடியே நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த நட்சத்திரம் ஒரு ஊர் அளவுதான். எடை மட்டும் சூரியனைவிட அதிகம். மேல படிஞ்ச ஹீலியம் ஒரு இடத்துல பத்திக்கும். ஒரு செகண்டுல முழுசும் பரவிடும். எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிச்சது இந்தக் குரங்கு."

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தத் தீயைக் கணினியில் பரவவிடும் நிரலைப் பன்னிரண்டு வருடமாக எழுதியவன் அவன். ஓட்டிப் பார்ப்பது என் வேலை. தீயின் வேகம் தொலைநோக்கி கண்டதோடு பொருந்துகிறது என்று திங்கட்கிழமை சொன்னேன். அன்று அவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

இன்று புதன்.

"அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டேன். பத்து அப்படியே இருக்கு."

சோதனை ஓட்டத்தில் எரியும் வேகத்தைப் பத்தால் பெருக்கிக்கொள்வோம். இல்லாவிட்டால் அந்த ஒரு செகண்டு தீ கணினியில் நகர்வதைப் பார்க்க மாதக்கணக்காகும். உண்மையான ஓட்டத்துக்கு முன் அந்த எண்ணை ஒன்றாக்க வேண்டும். நான் மறந்திருந்தேன். அவனை இங்கே சேர்த்த வாரம் அது. அதைச் சொல்லவில்லை.

அவன் கூரையைப் பார்த்தான்.

"கழுதை. ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டேனே."

"சொல்லாமலே விட்டுடலாமான்னு பார்த்தேன்."

"விட்டிருந்தா பேயா வந்து உன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருப்பேன்."

சிரித்தான். இருமல் வந்தது. முதுகைத் தடவினேன். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"ஒன்னு போட்டா எவ்வளவு நாளாகும்?"

அவனுக்கே தெரியும்.

"ஏழு மாசம்."

டாக்டர் சொன்னது மூன்று வாரம். இருவரும் சேர்ந்தே கேட்டிருந்தோம்.

"இன்னிக்கே போடு," என்றான்.

"நீ..."

"போடுடின்னா."

மாலையில் எண்ணை மாற்றி, எப்போதும்போல அவன் பெயரிலேயே ஓட்டத்தைத் தொடங்கினேன். தினமும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நத்தை," என்பான். பதினேழாம் நாள் காலை அவன் போய்விட்டான். தீ எண்பது மீட்டர் நகர்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து ஆபீஸ் போனேன். கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர் என் மேசைக்கு வந்தார்.

"உங்க அண்ணன் பேர்ல ஒரு ஓட்டம் போயிட்டிருக்கும்மா. அவர் பேர்ல இருக்கிறதையெல்லாம் மூடச் சொல்லிட்டாங்க."

"மூடினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார்."

"உங்க பேருக்கு மாத்திக்கலாம். இதுல எழுதிக் குடுங்க போதும்."

காகிதத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இதுவரை யார் பெயரில் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினேன். இனி யார் பெயரில் என்று கீழே இருந்தது.

"அவசரமில்லம்மா," என்றார். "நான் அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்."