வெங்க்குக்கும் டேஷுக்கும் கல்யாணம்

போர்டின் இடப்பக்கம் ‘வெங்க்’ என்றும் வலப்பக்கம் ‘டேஷ்’ என்றும் எரிந்தது. மணப்பெண் மாரீஸ்வரியைக் காணவில்லை.

“என்ன பிள்ள, மாப்பிள்ள தன்னையே கெட்டிக்கிட்டானா?” என்றார் அய்யாத்துரை. தாராவியில் எல்இடி போர்டு செய்யும் பட்டறை அவருடையது. அந்த போர்டுக்குப் புரோகிராம் எழுதிய விஜயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்று அவளை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு செம்பூர் கல்யாண மண்டபத்துக்காரர் கேஷவ் வருவார். போர்டு அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த நாற்காலி அய்யாத்துரையின் மச்சானுக்கு. படிப்பு முடிந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு இந்த வேலையின் மேல் கொள்ளை ஆசை.

மண்டப ஆபீஸில் Venkatesh aur Mariswari என்று இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். ‘மற்றும்’ என்று பொருள்படும் அந்த aur வரும் இடத்தில் வெட்டி, பக்கத்துக்கு ஒரு பெயராகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் சி மொழியில் வரியை வெட்டும் strtok என்ற கட்டளையிடம் aur என்று கொடுத்திருந்தாள். அதுவோ அதைச் சொல்லாகவே பார்க்கவில்லை. a, u, r மூன்றில் எது கண்ணில் பட்டாலும் வெட்டியது. வெங்கடேஷின் நடுவிலேயே ஒரு a இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, முழுச் சொல்லையும் தேடும் strstr-க்கு மாற்றினாள். மாப்பிள்ளை பக்கத்தில் பெண் வந்து நின்றாள்.

கேஷவ் சொன்ன நேரத்துக்கு வந்தார். “நம்ம பேரு போட்டுப் பாக்கறேன். வீட்டுக்காரி பேரு பெஹ்லே, மொதல்ல,” என்று தெரிந்த தமிழில் சொல்லி, அவரே தட்டினார்: Gauri aur Keshav.

இடப்பக்கம் G மட்டும் எரிந்தது. கௌரிக்குள்ளேயே ஒரு aur ஒளிந்திருந்தது.

“அரே, இருபது வருஷமா அவ பேச்சை என்னாலயே கட் பண்ண முடியல!” கேஷவ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ரெண்டு நிமிஷம் சார்,” என்றாள் விஜயராணி.

பெயருக்குள் இருக்கும் aur-க்கு முன்னும் பின்னும் இடைவெளி கிடையாது. தேடும் சொல்லுக்கு இருபுறமும் ஓர் இடைவெளி சேர்த்தாள். அடுத்த பெயருக்குப் போக அதைத் தாண்ட வேண்டிய தூரம் மூன்று எழுத்திலிருந்து ஐந்தானது. கௌரி முழுசாக வந்தாள். கேஷவ் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, மாடி ஹாலுக்கும் ஒரு போர்டு வேண்டும் என்றார்.

அவர் போனதும் அய்யாத்துரை கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

“என்ன போடுதிய அண்ணாச்சி?”

“நாளையிலருந்து நீ இங்கதான. ஒம் பேரப் போட்டுப் பாக்கேன்.”

சந்தோஷப்படுவதற்குள் அவளுக்குத் திக்கென்றது. ஒற்றைப் பெயரில் வெட்டுவதற்கு aur ஏது? அதற்கென்று ஒரு வரி எழுதினோமா, இல்லையா?

எழுதியிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, விஜயராணி என்று எரிந்தது போர்டு.